தோட்பட்டை என்பை முழுவதும் அகற்றினால் வலது கை எந்த அளவுக்கு இயங்கும்? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

கொட்டாஞ்சேனை மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 56. செட்டியார் தெருவில் உள்ள ஒரு பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நகை வேலை செய்து வருகிறார். சென்ற ஆண்டு அவருடைய வலது தோட்பட்டையில் வலி தொடங்கியது. சில மாதங்களில் கையால் தடவினால் தெரியும்படி ஒரு தடிப்பும் வந்தது. நாள் முழுவதும் குனிந்திருந்து வேலை செய்பவர் என்பதால் தசைப்பிடிப்பு என்றே நாங்கள் எண்ணினோம். முதலில் காட்டிய தனியார் சிகிச்சை நிலையத்திலும் தோள்மூட்டு இறுகிவிட்டது என்று சொல்லி ஊசி போட்டார்கள். ஊசியிலும் எண்ணெய் தேய்ப்பதிலுமாக எட்டு மாதங்கள் கழிந்துவிட்டன. இரவில் படுக்கவே முடியாத நிலை வந்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துச் செய்த பயொப்சியின் முடிவு கொண்ட்ரோசார்கோமா என்ற என்புப் புற்றுநோய், இரண்டாம் தரம் என்று வந்திருக்கிறது. நெஞ்சின் சி.ரி. பரிசோதனையில் நுரையீரல் தெளிவாக இருக்கிறது என்று சொன்னார்கள்.

கட்டி, கை என்பு வந்து பொருந்துகிற குழி வரையில் பரவியிருப்பதால் தோட்பட்டை என்பை முழுவதுமாக அகற்ற வேண்டியிருக்கும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் கூறினார். கை இருக்கும், ஆனால் முன்போல உயராது என்றும் சொன்னார். அவருக்குக் காத்திருந்தவர்கள் அதிகம். நாங்கள் அதிர்ச்சியில் இருந்தோம். கேட்க வேண்டியதைக் கேட்காமலே வந்துவிட்டோம்.

அப்பா எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கையால் சோறு அள்ளிச் சாப்பிட முடியுமா, சாமணம் பிடிக்க முடியுமா என்று கேட்கிறார். தோட்பட்டையே இல்லாத கை துணியைப் போலத் தொங்கிக்கொண்டிருக்காதா என்பது அம்மாவின் பயம். உறவினர்களோ, கீமோ கொடுக்காமல் நேரே வெட்டுவது ஏன் என்று கேட்டு எங்களைக் குழப்புகிறார்கள். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பழைய கரும்பலகை எழுதியது:

அன்புள்ள மகளுக்கு, நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். 2016 இல் எனக்கும் வலது தோட்பட்டை என்பை முழுவதுமாக அகற்றினார்கள். இந்தப் பதிலை வலது கையாலேயே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வலது கையால்தான் சாப்பிடுகிறேன். முதல் மாதத்தில் இடது கையும் கரண்டியும்தான். அதன் பிறகு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தட்டைக் கொஞ்சம் உயரத்தில் வைத்து, கை வாய்க்கு வருகிற தூரத்தில் பாதியைத் தலை குனிந்து வாங்கிக்கொள்ளப் பழகினேன். இப்போது பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கலியாண வீட்டில் தரையில் பாய் விரித்து இலை போட்டால் மட்டும் எனக்குச் சிரமம். முழங்கையை ஊன்ற இடம் இல்லை. விபூதி பூசுவதற்கும் இதே வழிதான். நெஞ்சுக்கு முன்னால் கை கூப்பலாம். தலைக்கு மேல் கூப்ப முடியாது. நல்லூர்த் தேருக்குப் போயிருந்தபோது சுற்றிலும் எல்லாரும் கைகளை உயர்த்த, நான் மட்டும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிடம்தான் எனக்குக் கண் கலங்கியது. வைத்தியசாலையில் ஒரு நாளும் கலங்கவில்லை.

போனது எது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் கை தானாகப் பக்கவாட்டில் எழுவது மிகக் கொஞ்சம். இடது கையால் பிடித்து உயர்த்தினால் உயரும், விட்டால் இறங்கிவிடும். கரும்பலகையின் மேற்பாதியில் எழுத முடியாமல் போனது. கீழ்ப்பாதியில் எழுதினால் பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று முறையிட்டார்கள். ஓய்வு பெறும்வரை கடைசி இரண்டு ஆண்டுகளும் ஒரு சிறு வெண்பலகையை மேசையில் சாய்த்து வைத்துத்தான் படிப்பித்தேன்.

சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது முதுகிலிருந்து இரண்டு குழாய்கள் போத்தல்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெரிய என்பு இருந்த இடம் வெறுமையாகிவிடுவதால் அங்கே நீர் கட்டும். அதை வெளியேற்றத்தான் அந்தக் குழாய்கள். அவற்றைக் கழற்ற அவசரப்படுத்த வேண்டாம். எனக்குக் கழற்றிய பிறகும் ஒரு தடவை நீர் கட்டி, கிளினிக்கில் ஊசியால் இழுத்து எடுத்தார்கள். மறுநாள் காலையிலேயே விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார்கள். பெருவிரலைத் தூக்கிக் காட்டியபோது அந்த நிபுணரின் முகத்தில் வந்த சிரிப்பு இப்போதும் நினைவில் இருக்கிறது.

உறக்கம்தான் பெரிய சோதனை. ஏறக்குறைய ஐந்து வாரம் சாய்மனைக் கதிரையில்தான் படுத்தேன். கொழும்பின் புழுக்கத்தில் கையை உடம்போடு கட்டி வைத்தால் கக்கத்தில் வியர்த்து வெந்துவிடும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மடித்து வைத்து, நாளுக்கு மூன்று தடவை மாற்றினோம். புழுக்கம் தாங்காமல் மூன்றாம் வாரத்திலிருந்து இரவில் தாங்குபட்டியைக் கழற்றி வைத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

ஒரு சின்ன விடயம்: முன்புறம் பொத்தான் உள்ள சேட்டுகளை இரண்டு அளவு பெரிதாக நாலைந்து வாங்கி வையுங்கள். போடும்போது நோயுற்ற கை முதலில், கழற்றும்போது அது கடைசியில்.

இயன்மருத்துவன் எழுதியது:

நான் கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையில் இயன்மருத்துவராகப் பணியாற்றுகிறேன். ஆசிரியர் ஐயா அனுபவித்தவர். அவர் எழுதியதில் பெரும்பகுதி எங்கள் பாடநூல்களை விடப் பயனுள்ளது. ஆனால் மூன்றாம் வாரத்தில் தாங்குபட்டியைக் கழற்றியதை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் காரணம் சொன்னால்தான் விளங்கும்.

தோட்பட்டை என்பு, இரண்டாம் விலாவிலிருந்து ஏழாம் விலா வரை முதுகின்மேல் கிடக்கும் ஒரு முக்கோணத் தட்டு. அதை 17 தசைகள் பற்றியிருக்கின்றன. உடம்பின் நடு எலும்புக்கூட்டோடு அதற்குள்ள ஒரே என்புத் தொடர்பு, கழுத்தடியில் குறுக்கே கிடக்கும் காறையென்பின் நுனியில்தான் இருக்கிறது. மற்றபடி அது தசைகளில் மிதக்கிறது என்றே சொல்லலாம். கையைத் தூக்கும்போது, மேற்கையின் என்பான புயவென்பின் பந்து போன்ற தலை சுழல்வதற்கு நிலையான ஒரு கிண்ணம் வேண்டும். அந்தக் கிண்ணம் தோட்பட்டையின் ஓரத்தில் இருக்கிறது. கிண்ணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், புயவென்பின் தலையை உறுதியான நூலாலோ நாடாவாலோ காறையென்பிலிருந்து தொங்கவிட்டு, மிஞ்சிய தசைகளை அதைச் சுற்றித் தைப்பார்கள். முழுக் கையின் பாரமும் முதலில் அந்தத் தையலில்தான் தொங்குகிறது. சுற்றிலும் தழும்புத் திசு உருவாகி இறுகுவதற்கு வாரங்கள் பிடிக்கும். அதற்குள் தாங்குபட்டி இல்லாமல் நடந்தால் பாரம் தையலை இழுப்பதோடு, கைக்குப் போகும் நரம்புக் கற்றையையும் இழுக்கும்; விரல்களில் விறைப்பும் எரிவும் வருவதற்கு அது ஒரு காரணம். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் என்று சொல்வோம்; சரியான காலத்தைத் தைத்தவர்தான் சொல்ல வேண்டும்.

முழங்கை ஏன் இயங்குகிறது என்று உங்கள் அப்பா கட்டாயம் கேட்பார். கைவேலை தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். முழங்கையை மடக்கும் இருதலைத் தசையின் இரண்டு தலைகளும் தோட்பட்டையில் தொடங்குவதால் அவை அறுபடும். அவற்றைக் காறையென்போடோ அருகிலுள்ள தசைகளோடோ மீண்டும் இணைப்பார்கள். ஆனால் அதற்கு அடியில் புயவென்பிலிருந்தே தொடங்குகிற இன்னொரு மடக்கும் தசை தொடப்படாமல் இருக்கிறது. முழங்கையை நீட்டும் முத்தலைத் தசையிலும் ஒரு தலைதான் தோட்பட்டைக்கு உரியது, மற்ற இரண்டும் புயவென்பில் பிறப்பவை. விரல்களுக்கான நரம்புகளும் குருதிக்குழாய்களும் தோட்பட்டைக்கு முன்னால், கக்கத்தின் வழியாகச் செல்கின்றன. கட்டி அவற்றைச் சூழ்ந்திராவிட்டால் அவை காப்பாற்றப்படும். தோட்பட்டையின் உட்புறத்தில் கிடக்கும் தடித்த தசை, பல நோயாளிகளில் கட்டிக்கும் அந்த நரம்புகளுக்கும் நடுவே ஒரு சுவர்போல நிற்கிறது. அப்பாவுக்கு அந்தச் சுவர் எப்படி இருக்கிறது என்பது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும்.

இந்தச் சிகிச்சை புதிதாக முளைத்தது அன்று. 1864 இலேயே எடின்பரோவில் சைம் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தோட்பட்டையை அகற்றுவதைப் பற்றி எழுதிவிட்டார். கையை விட்டுவைத்துத் தோள்மூட்டுப் பகுதியை மட்டும் எடுக்கும் முறையை ரஷ்யரான லின்பேர்க் 1928 இல் விவரித்தார். இருந்தும், கட்டியைத் துல்லியமாகப் படமெடுக்க முடியாத காலத்தில் பலருக்குத் தோளோடு கையையும் சேர்த்தே அகற்ற நேர்ந்தது.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கிண்ணத்தை விட்டுவைக்க ஏதாவது வழி இருக்கிறதா, தோளின் உருண்டையான தசைக்குச் செல்லும் நரம்பைக் காப்பாற்ற முடியுமா என்ற இரண்டையும்தான் நான் முதலில் எழுதுவேன். பிற்காலத்தில் கை எவ்வளவு உயரும் என்பது பெரும்பாலும் இவற்றில்தான் தங்கியிருக்கிறது. செயற்கைத் தோட்பட்டை பொருத்துவதைப் பற்றியும் கேட்கலாம். ஆனால் அதை மூடிப் பிடிக்கப் போதிய தசைகளும் அந்த நரம்பும் எஞ்சியிருந்தால்தான் அதனால் பயன். பயொப்சி எடுத்த தழும்பைக் கட்டியோடு சேர்த்து அகற்றுவார்கள். ஊசி சென்ற பாதையில் நோய்க்கலங்கள் தங்கியிருக்கலாம் என்பதே காரணம். முன்பு தோளில் ஊசி போட்ட இடங்களையும் தவறாமல் காட்டுங்கள். எண்ணெய் தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன்பே இடது கையால் பொத்தான் போடவும் பல் துலக்கவும் பழகத் தொடங்கட்டும். பின்னர் விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றின் பயிற்சி முதல் நாளிலிருந்தே உண்டு. தோளுக்கான பயிற்சி நிபுணரின் அனுமதிக்குப் பிறகுதான்: குனிந்து நின்று கையைத் தளரவிட்டு மெதுவாக ஆட்டுவதில் தொடங்குவோம். அந்த அனுமதி கிடைத்த பிறகு, கக்கத்தைக் கழுவுவதற்கும் அதே நிலைதான் வசதி. கையை யாரும் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை.

மட்டக்குளி அம்மா எழுதியது:

என் மகனுக்கு 15 வயதில் இதே என்பில் ஈவிங் சார்கோமா என்ற வேறொரு வகைப் புற்றுநோய் வந்தது. அவனுக்குப் பல மாதம் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகே சத்திரசிகிச்சை செய்தார்கள், அதற்குப் பிறகும் கீமோ தொடர்ந்தது. அதே விடுதியில் இருந்த இன்னொருவருக்கு உங்கள் அப்பாவின் நோய்; அவருக்குக் கீமோ இல்லை. அவருடைய மனைவி, தங்களைக் கைவிட்டுவிட்டார்களோ என்று என்னிடம் அழுதார். பிறகு வைத்தியர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே விளக்கினார். ஈவிங் கலங்கள் வேகமாகப் பெருகுகின்றவை, அதனால் கீமோவுக்கு அகப்படும். கொண்ட்ரோசார்கோமா குருத்தெலும்பு வகைக் கட்டி, பெரும்பாலும் மெதுவாக வளர்வது. வழக்கமான கீமோவும் கதிர்வீச்சும் அதில் அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பதால், சுற்றியுள்ள நல்ல தசையோடு சேர்த்து முழுமையாக வெட்டி எடுப்பதே அதற்கு முதன்மைச் சிகிச்சை. உங்கள் உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மகனுக்கு என்பின் கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்தார்கள், கிண்ணம் தப்பியது. அதனால் அவனுடைய கை தலை வரை போகும். பந்து வீசுவதை விட்டுவிட்டான், துடுப்பெடுத்து ஆடுகிறான். ஆகவே அவனை அப்பாவோடு ஒப்பிட முடியாது. இணையத்தில் தோட்பட்டை அகற்றியவர்கள் கையை உயர்த்திக் காட்டும் படங்களைக் கண்டால், அவர்களுக்கு எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்க்காமல் நம்பிக்கையையோ பயத்தையோ வளர்த்துக்கொள்ள வேண்டாம்.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் புறக்கோட்டையிலிருந்து 138 ஆம் இலக்கப் பஸ்ஸில் போவீர்களானால், தையல் ஆறும்வரை அப்பாவை நிற்க விடாதீர்கள். மேல் கம்பியைப் பிடிக்க ஒரு கைதான் இருக்கும், சாரதி பிரேக் போட்டால் அந்த ஒரு கையால் சமாளிக்க முடியாது. வலது பக்க வரிசையில் ஜன்னலோரமாக உட்கார வைத்தால் போகிறவர் வருகிறவர் தோளில் இடிக்க மாட்டார்கள்.

கொட்டாஞ்சேனை மகள் எழுதியது (பதினொரு வாரங்களின் பின்):

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எழுதிக்கொண்டு போன தாளை நிபுணர் வாங்கி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கிண்ணத்தைக் காப்பாற்ற முடியவில்லை. தோளின் தசைக்குரிய நரம்பைக் காப்பாற்ற முடிந்தது. சத்திரசிகிச்சை ஐந்து மணி நேரத்துக்கு மேல் சென்றது. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று ஆய்வறிக்கை வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை நெஞ்சுப் படத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கட்டி பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும் என்பதால், அதன் பின்பும் நீண்ட காலம் கண்காணிப்பு உண்டாம்.

தாங்குபட்டியை ஆறு வாரம் கழற்றவில்லை. அப்பா இரண்டு தடவை கழற்றப் பார்த்தார். இங்கே எழுதியிருந்ததை அம்மா வாசித்துக் காட்டினார். இரண்டாம் வாரத்தில் நடுவிரலிலும் மோதிரவிரலிலும் இருந்த விறைப்பு இப்போது பெரும்பாலும் போய்விட்டது. வெட்டிய இடத்தைச் சுற்றி மின்சாரம் பாய்வதைப் போன்ற வலி இரவில் வந்தது. வலி மாத்திரையைக் கூட்டிக் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். கிளினிக்கில் சொன்னபோது அது நரம்பு வலி என்று வேறு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். முன்பே சொல்லியிருக்கலாம்.

வலது தோள் சரிந்து கிடப்பதைக் கண்ணாடியில் பார்த்து ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தார். எங்கள் தையற்காரர் சேட்டின் உட்புறத்தில் பஞ்சுத் திண்டு ஒன்றை வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு முதல் தடவையாகப் பட்டறைக்குப் போய்வந்தார். சோறு வலது கையால்தான் சாப்பிடுகிறார், மேசையில்.

இப்போது கேள்வி வேலையைப் பற்றியது. சாமணம் பிடிக்கிறார், கல் பதிக்கிறார், சிறிய அரத்தால் ராவுகிறார். கம்பி இழுப்பதையும் சுத்தியலையும் எப்போது தொடங்கலாம் என்று கேட்கச் சொன்னார். மாலையில் கழுத்தின் வலப்புறம் கல்லைப் போல இறுகிவிடுகிறது என்றும் சொல்கிறார்.

இயன்மருத்துவன் எழுதியது:

மகிழ்ச்சி. கம்பி இழுப்பதை வேறொருவரிடம் நிரந்தரமாக விட்டுவிடட்டும். அந்த இழுவை முழுவதும் தோளின் தொங்கு தையலில் போய் முடியும், எத்தனை மாதம் கழிந்தாலும் அது பொருத்தமான வேலை அன்று. சிறு சுத்தியலால் தட்டுவதை, முழங்கை பலகையில் ஊன்றியிருக்க, மணிக்கட்டை மட்டும் அசைத்துச் செய்யலாம். தொடங்கும் நாளை நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்து இறுகுவதற்குக் காரணம், கையின் பாரத்தை இப்போது கழுத்திலிருந்து இறங்கும் தசை தனியே சுமப்பது. அவருடைய வேலைப் பலகை எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள். உட்கார்ந்து முழங்கையைச் செங்கோணமாக மடித்தால் முன்கை முழுவதும் பலகையில் படுத்திருக்க வேண்டும். பட்டறைப் பலகைகள் அதைவிட உயரமாக இருந்தால் கதிரையை உயர்த்திக் காலுக்கு ஒரு கட்டை போடுங்கள். தாழ்வாக இருந்தால் முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை போதும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, கையை மறு கையால் தாங்கிக்கொண்டு இரண்டு நிமிடம் நடக்கட்டும்.

பழைய கரும்பலகை எழுதியது:

சேட்டுத் திண்டுக்குப் பஞ்சை விட மெத்தைக் கடைகளில் கிடைக்கும் ஸ்பொஞ்ச் நல்லது. பஞ்சு வியர்வையில் கட்டிபட்டுவிடும். அப்பாவுக்கு விருப்பமானால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைக்கு வரட்டும். என் மேசை உயரமாகத்தான் இருக்கிறது.